பொம்மை பறந்தது, பெரியது ஏன் பறக்கவில்லை?



மாலை நேரத்தில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே ஒரு விளையாட்டுச் சாமான் விற்பார்கள். ரப்பர் பேண்டில் மாட்டி, உண்டிவில் போல இழுத்து விட்டால் விர்ரென்று மேலே போகும். உச்சிக்குப் போனதும் அதன் சிறகுகள் விரியும். நீல விளக்கு மின்ன, சுற்றிச் சுற்றி மெதுவாகக் கீழே இறங்கும். தி.நகர் பனகல் பார்க் பக்கமும் இதை விற்பதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பொம்மையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பின்பகுதியில் இது மறுபடி வரும்.

இன்று நான் உங்களுக்குச் சொல்லப்போவது இகோர் சிகோர்ஸ்கி என்பவரின் வாழ்க்கையை. ஹெலிகாப்டரைக் கண்டுபிடித்தவர் என்று சில புத்தகங்களில் இவரைப் பற்றிப் போட்டிருப்பார்கள். அது முழுவதும் சரியல்ல. இவருக்கு முன்பே பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஹெலிகாப்டர்கள் பறந்திருக்கின்றன. ஆனால் தலைக்கு மேலே ஒரு பெரிய விசிறி, வாலில் ஒரு சின்ன விசிறி என்று இன்று நாம் வானத்தில் பார்க்கிறோமே, அந்த அமைப்பை ஒழுங்காக வேலை செய்யவைத்து, தொழிற்சாலையில் வரிசையாகச் செய்யும் அளவுக்குக் கொண்டுவந்தவர் இவர்தான்.

இவர் என் நினைவுக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற கோடை விடுமுறையில் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பேரனுக்கு அவன் மாமா ஒரு மாடல் ஹெலிகாப்டர் பெட்டி வாங்கிக் கொடுத்தார். பறக்கத் தயாரான பொம்மை அல்ல. எல்லாமே தனித்தனிப் பாகங்கள். சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகளில் திருகுகள், பேரிங்குகள், கம்பிகள், பல்சக்கரங்கள். கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, திருகுகள் உருண்டு ஓடாமல் இருக்க அவற்றை எவர்சில்வர் தட்டில் கொட்டி, நானும் அவனும் உட்கார்ந்தோம்.

உடம்பும் வாலும் ஒரே நாளில் முடிந்துவிட்டன. சிறகுகள் வந்து சேரும் நடுப்பகுதிக்கு ரோட்டர் ஹெட் என்று பெயர். நாம் ‘தலை’ என்றே சொல்வோம். அந்தத் தலையையும், அதற்குக் கீழே மோட்டாரோடு சேரும் பெரிய பல்சக்கரத்தையும் பூட்டி முடிக்க எங்களுக்கு மூன்று நாள் ஆயிற்று. சிகோர்ஸ்கிக்கு அந்த வேலை முப்பது வருடத்துக்கும் மேல் எடுத்தது. உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சாமானுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? வாருங்கள், பார்ப்போம்.

இகோர் 1889-ஆம் ஆண்டு மே 25-ஆம் தேதி கீவ் நகரில் பிறந்தார். அப்போது அது ரஷ்யப் பேரரசில் இருந்தது. இன்று அது உக்ரைன் நாட்டின் தலைநகரம். அப்பா மனநல மருத்துவப் பேராசிரியர். அம்மாவும் மருத்துவம் படித்தவர்தான். ஆனால் மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்து குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஐந்து பிள்ளைகளில் இகோர் கடைக்குட்டி. இத்தாலி நாட்டு ஓவியர் லியோனார்டோ டா வின்சி, திருகு போலச் சுழன்று மேலே ஏறும் ஓர் இயந்திரத்தை வரைந்து வைத்திருந்தார். அதைப் பற்றி இகோருக்குச் சொன்னது அம்மாதான். ஜூல்ஸ் வெர்ன் எழுதிய பறக்கும் கப்பல் கதைகளும் அந்த வீட்டில் இருந்தன.

பதினோரு வயதில் இகோருக்கு ஒரு கனவு வந்தது. ஏதோ ஒரு பெரிய கப்பலின் நடையில் அவன் நடந்து போகிறான். இரண்டு பக்கமும் பளபளக்கும் மரக் கதவுகள். மேலே நீல நிற விளக்குகள். காலுக்குக் கீழே மெல்லிய அதிர்வு. அது கடலில் போகும் கப்பல் அல்ல, வானத்தில் போகும் கப்பல் என்று கனவிலேயே அவனுக்குத் தெரிந்தது. எழுந்ததும் வீட்டில் சொன்னான். அப்படி ஒரு பொருளே உலகத்தில் கிடையாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்போது ரைட் சகோதரர்கள்கூடப் பறந்திருக்கவில்லை.

பன்னிரண்டு வயதில் இகோர் ஒரு சின்ன ஹெலிகாப்டர் மாடல் செய்தான். அதற்கு இயந்திரம் எது தெரியுமா? முறுக்கிய ரப்பர்தான்! முறுக்கு அவிழும்போது விசிறி சுழன்றது, மாடல் மேலே எழும்பியது. நம் ஊரில் பனை ஓலைக் காற்றாடி செய்து ஓடிய பிள்ளைகளுக்கு அந்தச் சந்தோஷம் புரியும்.

பொம்மை பறந்துவிட்டது. இனி அதையே பெரிதாகச் செய்தால் மனிதனும் பறக்கலாம் அல்லவா? இகோரும் அப்படித்தான் நினைத்தார்.

1903-இல் அவரைக் கடற்படைப் பள்ளியில் சேர்த்தார்கள். மூன்று வருடம் படித்தார். தன் மனம் இயந்திரங்களில்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டு, 1907-இல் கீவ் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். அடுத்த வருடம் அப்பாவோடு ஜெர்மனிக்குப் போனபோது செய்தித்தாளில் ரைட் சகோதரர்களின் விமானத்தைப் பற்றிப் படித்தார். இனி வாழ்க்கை முழுவதும் பறக்கும் இயந்திரங்கள்தான் என்று அன்றே முடிவு செய்தார். அக்கா ஓல்கா தன் பணத்தைக் கொடுத்து உதவினார். அதை வைத்துக்கொண்டு 1909-இல் பாரிஸ் போய், 25 குதிரைத்திறன் உள்ள ஓர் இயந்திரத்தை வாங்கி வந்தார். ஹெலிகாப்டர் வேண்டாம், விமானமே செய் என்று அங்கே அனுபவசாலிகள் சொல்லத்தான் சொன்னார்கள். இருபது வயதுப் பிள்ளை கேட்குமா?

கீவில் வீட்டுத் தோட்டத்தில் முதல் ஹெலிகாப்டர் தயாரானது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு விசிறிகள். ஒன்று வலப்பக்கம் சுற்றும், மற்றது இடப்பக்கம் சுற்றும். ஏன் அப்படி? வீட்டில் சுழலும் நாற்காலி இருந்தால் நீங்களே பார்க்கலாம். காலைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு உட்காருங்கள். கைகளை வலப்பக்கம் வேகமாக வீசுங்கள். நாற்காலி இடப்பக்கம் திரும்பும். அதே போல, விசிறி ஒரு பக்கம் சுற்றினால் ஹெலிகாப்டரின் உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். இரண்டு விசிறிகள் எதிரெதிராகச் சுற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

இயந்திரத்தை ஓட்டினார். எல்லாம் ஆடியது, நடுங்கியது. தரையை விட்டு எழும்பவே இல்லை. அதைப் பிரித்துப் போட்டுவிட்டு 1910-இல் இரண்டாவது ஒன்றைச் செய்தார். அது தன் எடையை மட்டும் தூக்கியது. ஆள் ஏறி உட்கார்ந்தால் தூக்கவில்லை.

பொம்மை பறந்ததே, பெரியது ஏன் பறக்கவில்லை? இதற்கு ஒரு சமையலறைக் கணக்கு இருக்கிறது. ஓர் இட்லியை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்கு பெரிதாக வார்க்க வேண்டும் என்றால் எத்தனை மடங்கு மாவு வேண்டும்? இரண்டு என்று சொல்லாதீர்கள். இரண்டு, இரண்டு, இரண்டு பெருக்கினால் எட்டு. எட்டு இட்லி மாவு வேண்டும். ஆனால் அந்த இட்லியின் மேல்பரப்பு நான்கு மடங்குதான் பெரிதாகும். ஹெலிகாப்டரிலும் அப்படியே. அளவை இரண்டு மடங்கு ஆக்கினால் எடை எட்டு மடங்கு ஏறும். காற்றைப் பிடிக்கும் சிறகின் பரப்போ நான்கு மடங்குதான் கூடும். ரப்பர் முறுக்குக்குப் போதுமாக இருந்த வலிமை, பெரியதற்கு எந்த மூலைக்குப் போதும்? அந்தக் காலத்து இயந்திரங்கள் எடை மிகுந்தவை, வலிமை குறைந்தவை.

இந்த இடத்தில் சிகோர்ஸ்கி செய்தது எனக்கு மிகவும் பிடிக்கும். பிடிவாதம் பிடித்துக்கொண்டு அக்காவின் பணத்தையெல்லாம் கரைக்கவில்லை. இதற்கு இன்னும் காலம் வரவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஹெலிகாப்டரை மூட்டை கட்டி வைத்துவிட்டு விமானம் செய்யத் தொடங்கினார். அதே 1910-இல் அவருடைய சின்ன விமானம் பறந்தது. அடுத்த வருடம் பறந்துகொண்டிருக்கும்போதே இயந்திரம் நின்றுபோய், எப்படியோ தரை இறங்கித் தப்பினார். காரணம் என்ன என்று பிரித்துப் பார்த்தால், பெட்ரோல் வழியில் ஒரு கொசு அடைத்துக்கொண்டிருந்தது! ஒரு கொசுவால் ஓர் உயிர் போகலாம் என்றால் ஒற்றை இயந்திரத்தை நம்பக்கூடாது என்று யோசித்தார். 1913-இல் நான்கு இயந்திரங்கள் கொண்ட உலகின் முதல் விமானத்தைப் பறக்கவிட்டார். அடுத்து வந்த இன்னும் பெரிய விமானத்தில் 1914-இல் 16 பேரை ஏற்றிப் பறந்து காட்டினார்.

பிறகு ரஷ்யாவில் புரட்சி வந்தது. 1918-இல் நாட்டை விட்டுக் கிளம்பியவர், பிரான்ஸ் வழியாக 1919 மார்ச் மாதம் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். புகழ் பெற்ற விமானப் பொறியாளருக்கு அங்கே யாரும் வேலை தரவில்லை. போர் முடிந்திருந்ததால் விமானங்கள் வாங்குவார் இல்லை. தன்னைப் போலவே ரஷ்யாவிலிருந்து வந்திருந்த தொழிலாளர்களுக்கு மாலை வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். கிடைத்த சில்லறையில் பெரும்பாலும் அவரைக்கொட்டைதான் சாப்பாடு. நானும் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்த ஆள் என்பதால் இந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கும்.

1923-இல் நண்பர் ஒருவரின் கோழிப் பண்ணையில் விமானக் கம்பெனி தொடங்கினார். பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய சாமான்கள், மருத்துவமனைக் கட்டிலின் இரும்புச் சட்டங்கள் எல்லாம் அந்த முதல் விமானத்துக்குள் போயின. பணம் தீர்ந்துபோன நேரத்தில், பியானோ மேதை ராக்மனினோவ் 5,000 டாலருக்குப் பங்கு வாங்கிக் கைகொடுத்தார். கம்பெனி பிழைத்தது. தண்ணீரில் இறங்கும் பெரிய விமானங்களால் பெயர் வாங்கியது. 1931-இல் அப்படிப்பட்ட தன் விமானம் ஒன்றில் போய்க்கொண்டிருந்தார் சிகோர்ஸ்கி. அந்தி சாய்ந்ததும் பணியாள் விளக்கைப் போட்டார். பளபளக்கும் மரச் சுவர்கள், மேலே மங்கலான வெளிச்சம், காலடியில் மெல்லிய அதிர்வு... பதினோரு வயதில் கனவில் பார்த்த அதே நடை! அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

ஆனால் மூட்டை கட்டி வைத்த ஹெலிகாப்டர்? அதை அவர் மறக்கவில்லை.

இந்த இடைவேளையில் ஸ்பெயின் நாட்டுக்கு ஒரு நடை போய் வருவோம். அங்கே ஹுவான் டி லா சியர்வா என்றொரு பொறியாளர் இருந்தார். விமானத்தின் மேல் தானாகச் சுற்றும் விசிறி ஒன்றை வைத்தார் அவர். சின்ன மாடல் அழகாகப் பறந்தது. பெரியதோ ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கமாகக் கவிழ்ந்தது. பாருங்கள், இங்கேயும் அதே கேள்வி!

சியர்வா யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தார். மாடலின் சிறகுகளுக்குள் அவர் வைத்திருந்தது பிரம்பு. பிரம்பு வளையும். பெரியதில் வைத்திருந்தது வளையாத இரும்பு. விசிறி சுற்றிக்கொண்டே முன்னால் போகும்போது ஒரு பக்கத்துச் சிறகு காற்றை எதிர்த்து வருகிறது, மறுபக்கத்துச் சிறகு காற்றோடு போகிறது. எதிர்த்து வரும் சிறகுக்குத் தூக்கும் சக்தி அதிகம். அதனால் அந்தப் பக்கம் உயர்ந்து வண்டி கவிழ்கிறது. பிரம்பாக இருந்தால் அந்தச் சிறகு மட்டும் கொஞ்சம் மேலே வளைந்து கொடுக்கும், உடம்பு கவிழாது. உடனே ஒவ்வொரு சிறகின் அடியிலும் கதவுக்கு இருப்பதுபோல ஒரு கீல் வைத்தார். 1923 ஜனவரியில் அது நேராகப் பறந்தது. அந்தக் கீல்தான் பின்னால் வந்த ஹெலிகாப்டர்களுக்கெல்லாம் வழி திறந்தது.

எங்கள் பேரனின் மாடலில் கீல் இல்லை. ஆனால் தலைக்குள் இரண்டு சின்ன ரப்பர் வளையங்கள் இருந்தன. இவை எதற்கு, போடாவிட்டால் என்ன என்று பேரன் கேட்டான். சிறகுகளைத் தாங்கும் கம்பி அந்த ரப்பரில்தான் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கொஞ்சம் அமுங்கும். அதனால் சிறகும் கொஞ்சம் மேலே கீழே அசையும். சியர்வாவின் பிரம்பு செய்த வேலைதான் அது!

அதே தலையில் பேரிங்குகளும் உண்டு. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றினால் கல் வெளியே ஓடப் பார்க்கும் அல்லவா? சிறகும் அப்படியே வெளியே இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்கிக்கொண்டே சிறகு தன் கம்பியைச் சுற்றித் திரும்பவும் வேண்டும். அதற்காக ஒரு தனிப் பேரிங். அதில் இரண்டு வளையங்கள், பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும். ஒன்றின் ஓட்டை மட்டும் மயிரிழை பெரிது. இடம் மாறிப் போட்டால் சிறகு இறுகிக்கொள்ளும். முதல் நாள் நாங்கள் மாற்றித்தான் போட்டோம்.

இப்போது 1938-க்கு வாருங்கள். சிகோர்ஸ்கியின் கம்பெனியை ஒரு பெரிய நிறுவனம் முன்பே வாங்கியிருந்தது. பெரிய கடல் விமானங்களுக்கு இனி கிராக்கி இல்லை, அந்தப் பிரிவை மூடப் போகிறோம் என்று மேலிடத்தில் சொன்னார்கள். அவருக்கு அப்போது 49 வயது. வேறு எதையும் கேட்காமல், தன்னோடு இருந்த ஆட்களையும் ஹெலிகாப்டர் செய்ய அனுமதியையும் மட்டும் கேட்டு வாங்கினார். வருடக்கணக்கில் அவர் ஓய்வு நேரத்தில் வரைந்து வைத்திருந்த படங்கள் மேசைக்கு வந்தன.

அப்படிப் பிறந்ததுதான் வி.எஸ்.-300. மேலே மூன்று சிறகுகள் கொண்ட ஒரே ஒரு விசிறி. அதன் குறுக்களவு 28 அடி. உடம்பு சுற்றாமல் இருக்க வாலில் ஒரு சின்ன விசிறி. 75 குதிரைத்திறன் இயந்திரம். அதன் வேகத்தைப் பெல்ட்டும் பல்சக்கரங்களும் குறைத்து மேலே கொண்டுபோயின. 1939 செப்டம்பர் 14-ஆம் தேதி, அமெரிக்காவின் ஸ்ட்ராட்போர்டு ஊரில், வழக்கமான தொப்பியைப் போட்டுக்கொண்டு சிகோர்ஸ்கியே அதில் ஏறி உட்கார்ந்தார். எகிறிப் போய்விடாமல் இருக்கக் கயிறு கட்டிக் கீழே எடைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். சக்கரங்கள் தரையை விட்டுச் சில அங்குலம் எழுந்தன. சுமார் பத்து விநாடிதான். பிறகு இறங்கிவிட்டது. 30 வருடம் கழித்து, பத்து விநாடி.

ஏன் பல்சக்கரம் வேண்டும்? இயந்திரம் வேகமாகச் சுற்றும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அதன் பலம் குறைவு. பெரிய விசிறிக்கு வேகம் குறைவாகவும் பலம் அதிகமாகவும் வேண்டும். மேம்பாலத்தில் ஏறும்போது அப்பா பைக்கில் கியரைக் குறைப்பதைக் கவனித்திருப்பீர்களே, அதே சங்கதி. மோட்டாரில் உள்ள குட்டிச் சக்கரத்துக்கு 15 பல், பெரிய சக்கரத்துக்கு 150 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். குட்டி பத்துச் சுற்றுச் சுற்றினால் பெரியது ஒரு சுற்று. மோட்டார் நிமிடத்துக்கு 20,000 சுற்று என்றால் விசிறி 2,000 சுற்று. வேகம் பத்தில் ஒரு பங்கு, திருப்பும் பலம் ஏறக்குறைய பத்து மடங்கு.

இந்த இரண்டு சக்கரங்களும் எவ்வளவு நெருக்கமாக உட்கார வேண்டும் என்பதில் நாங்கள் கோட்டை விட்டோம். இறுக்கமாக இருந்தால்தான் நல்லது என்று நினைத்து அழுத்திப் பூட்டினேன். மோட்டாரை ஓட்டியதும் கீச்சென்று ஒரு சத்தம். பெரிய சக்கரத்தில் மூன்று பல் போயிற்று. பேரன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்புறம்தான் பெட்டியோடு வந்த குறிப்புத்தாளைப் படித்தேன். நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு துண்டு கிழித்து இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் கொடுத்துச் சுற்ற வேண்டும். தாள் கிழியாமல், மடிப்பு மடிப்பாகப் பல் பதிந்து வெளியே வந்தால் இடைவெளி சரி. எவ்வளவு எளிய வழி! கேள்வித்தாளை முழுவதும் படித்துவிட்டு எழுது என்று முப்பது வருடம் மாணவர்களிடம் சொன்ன ஆள் நான்.

பத்து விநாடியோடு சிகோர்ஸ்கியின் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. மேலே எழும்பினால் போதுமா? முன்னால், பின்னால், பக்கவாட்டில் போக வேண்டுமே! அதற்கு ஒவ்வொரு சிறகும் ஒரு சுற்றுக்குள்ளேயே ஒரு பக்கம் வரும்போது அதிகமாகச் சாய்ந்து, எதிர்ப்பக்கம் போகும்போது குறைவாகச் சாய வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இப்படி மாறி மாறி, நொடிக்கு நாலைந்து முறை. எங்கள் மாடலில் தலைக்குக் கீழே ஸ்வாஷ் பிளேட் என்று ஒரு தட்டு உண்டு. அந்தத் தட்டைச் சாய்த்தால் குச்சிகள் வழியாகச் சிறகுகளுக்குச் செய்தி போகும். இதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. சுற்றும் பம்பரத்தை ஒரு பக்கம் தட்டினால் அது அந்தப் பக்கமே சாயாமல் வேறு பக்கம் சாயும். விசிறியும் ஒரு பெரிய பம்பரம்தானே!

முதலில் வைத்த அமைப்பில் வி.எஸ்.-300 அடங்கவில்லை. உடம்பெல்லாம் உதறியது. 1939 டிசம்பரில் காற்று அடித்துக் கவிழ்ந்து உடைந்தும் போனது. சிகோர்ஸ்கி ஒரு படி பின்வாங்கினார். தலையிலிருந்த அந்தச் சாய்க்கும் வேலையைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதில் வாலில் இன்னும் இரண்டு சின்ன விசிறிகளைப் படுக்கை வாட்டில் வைத்தார். 1940 மே 13-இல் கயிறு இல்லாமல் பறந்தது. பக்கவாட்டில் போயிற்று, பின்னால்கூடப் போயிற்று, முன்னால் போக மட்டும் தகராறு! அதன் சினிமாப் படத்தைப் பார்த்த மேலதிகாரி, முன்னால் பறப்பதைக் காணோமே என்று கேட்டாராம். அதை இன்னும் சரிசெய்யவில்லை என்று சிகோர்ஸ்கி மழுப்பாமல் ஒப்புக்கொண்டார்.

ஒரு பாகத்தை மாற்றுவது, பறப்பது, இறங்குவது, மறுபடி மாற்றுவது. பெரும்பாலும் ஓட்டிப் பார்த்தது அவரேதான். தன் கணக்குத் தப்பாக இருந்தால் அடிபடுவது தானாக இருக்கட்டும் என்று நினைத்தவர். 1941 மே 6-இல் ஒரு மணி 32 நிமிடம் 26 விநாடி வானில் நின்று, ஜெர்மனியின் உலக சாதனையை முறியடித்தார். அதோடு நிற்கவில்லை. அந்த வருடக் கடைசியில் கூடுதல் வால் விசிறிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, முதலில் நினைத்தபடியே எல்லாக் கட்டுப்பாட்டையும் தலைக்கே கொண்டுவந்தார். இந்த முறை அது சொன்னபடி கேட்டது. சுழலும் தலை அடங்கிவிட்டது!

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. 1942-இல் அடுத்த ஹெலிகாப்டர் தயாராகி, ஐந்து நாட்களில் 761 மைல் பறந்து ராணுவத்திடம் போய்ச் சேர்ந்தது. ஆர்-4 என்ற பெயரில் அது தொழிற்சாலையில் வரிசையாக உற்பத்தியாயிற்று.

1944 ஏப்ரலில் அந்த ஆர்-4 ஒன்று நம் நாட்டில், அசாமில் உள்ள லாலாகாட் என்ற இடத்தில் இருந்தது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். பர்மாக் காட்டில், ஜப்பானியப் படைகள் இருந்த பகுதிக்குள், ஒரு சின்ன விமானம் விழுந்துவிட்டது. விமானியும் காயம்பட்ட மூன்று வீரர்களும் மாட்டிக்கொண்டார்கள். வேறு விமானம் இறங்க இடமே இல்லை. கார்ட்டர் ஹார்மன் என்ற இளைஞர் ஆர்-4-ஐ ஓட்டிக்கொண்டு மலைகளைத் தாண்டிப் போனார். வெப்பத்தில் இயந்திரம் திணறியது. ஒரு தடவைக்கு ஒரே ஓர் ஆளைத்தான் தூக்க முடிந்தது. இரண்டு நாட்களில் நான்கு பேரையும் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து சேர்த்தார். போர்க்களத்தில் ஹெலிகாப்டர் உயிர் காத்தது அதுதான் முதல் முறை.

அடுத்த வருடம் நவம்பர் 29-இல், சிகோர்ஸ்கியின் தொழிற்சாலைக்குப் பக்கத்துக் கடலில் ஒரு படகு புயலில் பாறையில் சிக்கியது. அதிலிருந்த இருவரைக் கயிறு இறக்கி மேலே இழுத்துக் காப்பாற்றினார்கள். இந்த இரண்டு செய்திகளும், அவர் விற்ற எல்லா ஹெலிகாப்டர்களையும்விட அவருக்குச் சந்தோஷம் கொடுத்தன என்று நினைக்கிறேன். உயிர் காக்கும் வேலையைப் பற்றித்தான் கடைசிவரை அவர் அதிகம் பேசினார். 1954-இல் நம் விமானப்படைக்கு வந்த முதல் ஹெலிகாப்டரும் அவர் கம்பெனியின் எஸ்-55தான்.

சரி, கடற்கரைப் பொம்மைக்கு வருவோமா? அது இறங்கும்போது மோட்டார் ஏதும் இல்லை. கீழேயிருந்து வரும் காற்றே சிறகைச் சுற்றவைக்கிறது, அதனால்தான் பொத்தென்று விழாமல் மெதுவாக இறங்குகிறது. இயந்திரம் நின்றுபோன ஹெலிகாப்டரையும் விமானி இதே முறையில் இறக்க முடியும். ஆனால் நின்றுபோன இயந்திரம் விசிறியைப் பிடித்து நிறுத்திவிடக்கூடாதே! அதற்காகப் பல்சக்கரத்தோடு ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் பேரிங் இருக்கும். சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் பின் சக்கரம் டிக் டிக் என்று ஓடுகிறதே, அதே தத்துவம். எங்கள் மாடலிலும் அது இருந்தது. பேரன் விசிறியை ஒரு பக்கம் திருப்பினான், பெரிய சக்கரமும் கூடவே வந்தது. மறுபக்கம் திருப்பினான், விசிறி மட்டும் தனியாகச் சுற்றியது. அதை அவன் அன்று முழுவதும் செய்துகொண்டே இருந்தான்.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் நம் சென்னையில் நடந்ததை உங்கள் அம்மா அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். உங்களில் பலர் அப்போது பிறந்தேயிருக்க மாட்டீர்கள். அடையாறு கரை புரண்டது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. விமான நிலையமே மூழ்கி மூடப்பட்டது. ஓடுபாதை தேவைப்படாத ஹெலிகாப்டர்கள்தான் வந்தன. மொட்டைமாடிகளில் நின்றவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் போட்டன. சிலரைக் கயிறு இறக்கித் தூக்கிக்கொண்டும் போயின. அவற்றில் பல சிகோர்ஸ்கி கம்பெனியில் செய்தவை அல்ல. ஆனாலும் தலைக்கு மேல் ஒரு பெரிய விசிறி, வாலில் ஒரு சின்ன விசிறி. அந்த வாரம் எங்கள் தெருவில் மேலே சத்தம் கேட்டதும் எல்லோரும் மாடிக்கு ஓடினோம். கண்கலங்கி நின்ற பெரியவர்களையும் பார்த்தேன்.

சிகோர்ஸ்கி 1957-இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்று பெயர்தான், அலுவலகத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. 1972 அக்டோபர் 26-ஆம் தேதி, 83-ஆவது வயதில், தூக்கத்திலேயே காலமானார். அதற்கு முந்தைய நாள்கூடத் தன் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தார். வி.எஸ்.-300-ஐ 1943-இல் அமெரிக்காவில் டியர்பார்ன் என்ற ஊரில் உள்ள ஹென்றி போர்டு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்றும் அது அங்கே இருக்கிறது.

எங்கள் மாடலுக்குப் புதுப் பல்சக்கரம் வாங்கிப் போட்டோம். தாளை நடுவில் கொடுத்துச் சரிபார்த்தது பேரன்தான், என்னை விடவில்லை. அதிர்வில் கழன்றுவிடாமல் இருக்கத் தலையின் ஒவ்வொரு திருகுக்கும் ஒரு சொட்டு நீலப் பசை வைத்தான். கடைசியில் மடிப்பு மடிப்பாக வெளியே வந்த அந்தத் தாள் துண்டைத் தூக்கிப் போடாமல், பள்ளிக்கூட நோட்டில் ஒட்டிக்கொண்டு ஊருக்குப் போனான்.